பழந்துணியில் ஒட்டுப் போர்வை: ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துப் பெண்களிடம் ஒரு பாடம்

உடுத்துப் பழசான சீலையும் சாரமும் நம் வீடுகளில் கடைசியாக எதற்குப் பயன்படுகின்றன? பிள்ளைக்கு ஏணை கட்ட, அடுப்பிலிருந்து பானை இறக்க, சைக்கிள் துடைக்க, குப்பி விளக்குக்குத் திரி போட. இவற்றுக்கும் உதவாதது குப்பைக்குப் போகும்.

இடம்பெயர்ந்து, ஒரு கொட்டிலிலிருந்து இன்னொரு கொட்டிலுக்கு மாறி வாழ்ந்த குடும்பங்களில் இதைவிட வேறு ஒரு துணி மூட்டையும் இருக்கும். அவசரத்தில் அள்ளிக் கட்டிய உடுப்புகள். இப்போது பிள்ளைகளுக்கு அளவு காணாதவை. நிவாரணமாக வந்து ஒருவருக்கும் பொருந்தாத சட்டைகள். இனி உடுக்க ஆள் இல்லாத ஒரு சேர்ட். எறியவும் மனம் வராது, உடுக்கவும் முடியாது. அந்த மூட்டைக்குத்தான் இந்தப் பாடம்.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று படைகள் சேர்ந்தது. மேலே, சிறு துண்டுகளைப் பொருத்தித் தைத்த துணி. நடுவில், மெத்தென்ற ஒரு படை. கீழே, முழுத்துணியாக ஒரு அடித்துணி. மூன்றையும் ஊடுருவி நூலோட்டித் தைத்து ஒன்றாக்க வேண்டும். ஒரே துணியில் ஒரு பக்கம் கிழிந்தால் முழுதும் கிழியும். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் ஒரு துண்டு போனால் அந்தத் துண்டு மட்டுமே போகும்.

இந்த வேலை உலகில் பல நாட்டு ஏழை வீடுகளில் இருக்கிறது. வங்காளத்தில் பழஞ்சீலைகளை அடுக்கி, சீலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நெருக்கமாகத் தைத்து, காந்தா என்ற விரிப்பைச் செய்வார்கள். சிந்து மாகாணத்திலும் குஜராத்திலும் ரல்லி என்ற பெயரில் வண்ணத் துண்டுகளைப் பொருத்தித் தைப்பார்கள். நாம் இந்த இதழில் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிறு கிராமத்து முறை. காரணம் இரண்டு. ஒன்று, அதற்கு அச்சோ மாதிரிக் கடதாசியோ தேவையில்லை. நீளக் கீலங்களாகக் கிழித்த துணியே போதும். மற்றது, அந்தக் கிராமத்தின் கதை நமக்குத் தெரியாத கதை அல்ல.

அந்தக் கிராமம்

அலபாமா ஆறு ஒரு வளைவில் திரும்பி மூன்று பக்கமும் சூழ்ந்து கிடக்கும் நிலம் ஜீஸ் பெண்ட். வில்கொக்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. 1816இல் ஜோசப் ஜீ என்ற வெள்ளையர் அங்கே பருத்தித் தோட்டம் தொடங்கினார். அவர் பெயரே கிராமத்துக்கு வந்தது. 1845இல் அந்தத் தோட்டம் பெற்வே என்ற குடும்பத்தின் கைக்கு மாறியது. புதிய எசமானர் வட கரோலினாவிலிருந்து ஏறக்குறைய நூறு அடிமைகளைக் கால்நடையாகவே அங்கு கொண்டுவந்தார். இன்றும் ஊரில் பலருடைய குடும்பப் பெயர் பெற்வே என்றே இருக்கிறது. அது அவர்கள் முன்னோரை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர்.

அடிமைமுறை ஒழிந்த பின்பும் நிலம் அவர்களுடையதாகவில்லை. வாரத்துக்குச் செய்தார்கள். விதையும் உரமும் சாப்பாட்டுச் சாமானும் கடனாக எடுத்து, பருத்தி விற்றதும் திருப்பிக் கொடுப்பது வழக்கம். பருத்தி விலை விழுந்த காலத்தில் கடன் ஏறிக்கொண்டே போனது. 1932இல், கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துவிட, அவருடைய குடும்பத்தார் கணக்கை உடனே தீர்க்கும்படி கேட்டார்கள். கொடுக்க முடியாத ஏறக்குறைய அறுபது குடும்பங்களிடமிருந்து கோவேறு கழுதை, மாடு, கலப்பை, வண்டில், சோளம், வற்றாளைக் கிழங்கு என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் ஏற்றிச் சென்றார்கள். அந்தக் குளிர்காலம் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில் கழிந்தது.

பின்னர் மத்திய அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, புதிய வீடுகள் கட்டி, குறைந்த வட்டிக் கடனில் 1940களில் அந்தக் குடும்பங்களுக்கே விற்றது. வாரக் குடியானவர்கள் காணிச் சொந்தக்காரர் ஆனார்கள். ஆனால் அதற்கு முன்பிருந்த வீடுகள் மரக்குற்றி வீடுகள். இடுக்குகளால் குளிர்காற்று நுழையும். சுவரில் பத்திரிகைத் தாள் ஒட்டுவார்கள்; கட்டிலிலும் தரையிலும் போர்வைக்கு மேல் போர்வையாகப் போடுவார்கள். அங்கே பெண்கள் போர்வை தைத்தது அழகுக்காகத் தொடங்கிய வேலை அல்ல. குளிரில் பிள்ளைகள் விறைக்காமல் இருக்கத் தைத்தார்கள். துணி வாங்கக் காசில்லை. வயலில் உடுத்துத் தேய்ந்த நீலக் காற்சட்டை, மாச்சாக்கு, உரச்சாக்கு எல்லாவற்றையும் வெட்டினார்கள். நடுப்படைக்குப் பருத்தி ஆலையின் தரையில் சிந்திய பஞ்சைக் கூட்டி வந்து தடியால் அடித்துப் பரப்பினார்கள்.

அந்தப் போர்வைகளை உற்றுப் பார்த்தால் காற்சட்டையின் முழங்கால் வெளிறிய இடம் தெரியும். பொக்கற் இருந்த இடத்தில் மட்டும் துணி கருநீலமாக இருக்கும், வெயில் அங்கே படாததால். இதை மறைக்க அவர்கள் முயலவில்லை.

1942இல் மிசூரி பெற்வே என்ற பெண் தைத்த ஒரு போர்வை இன்று பலராலும் பேசப்படுகிறது. கணவர் இறந்த பின், அவர் வயலில் உடுத்த உடுப்புகளை எடுத்து வெட்டி, ஒரே போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம் என்று, உடனிருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு சொல். இந்தக் கதையை மாதர் கூட்டங்களில் நான் சொல்லும்போது சில தாய்மார் உடனே எழுந்து போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். இறந்தவரின் உடுப்பை வெட்டுவது வேறு. இறந்தாரோ இருக்கிறாரோ என்று தெரியாதவரின் உடுப்பை வெட்டுவது வேறு. காத்திருக்கிற வீட்டில் அந்தச் சேர்ட் மடித்தபடியே இருக்கட்டும். தையல் பழக்குகிறோம் என்று போகிற எவரும் அதைத் தொடும்படி யாரையும் கேட்கக்கூடாது. வேறு துணி தாராளமாக இருக்கிறது.

துணி தெரிதல்

பருத்தித் துணியே நல்லது. கைத்தறிச் சாரம், பருத்திச் சீலை, சீத்தைச் சட்டை, பாடசாலை வெள்ளைச் சீருடை, வேட்டி, கட்டில் விரிப்பு எல்லாம் பொருந்தும். நைலெக்ஸ் சீலையும் பொலியெஸ்தர் துணியும் உழைக்கும், சாயமும் போகாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஸ்திரிக்கைப் பெட்டி பட்டால் சுருண்டு உருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பி விளக்கு எரிகிற கொட்டிலில் அது தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் போர்த்தும் துணியில் அதைச் சேர்க்க வேண்டாம். எது பருத்தி என்று ஐயமானால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கட்டியாக உருளும்.

தைக்கத் தொடங்குமுன் எல்லாத் துணியையும் தோய்த்துக் காயவிடுங்கள். புதுத்துணி முதல் தோய்ப்பில் சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் பக்கத்துத் துண்டையும் இழுத்துச் சுருக்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. ஈரமாக இருக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், நிறம் விடாமல் நிற்கும் வரை இரண்டு மூன்று முறை தோய்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் பிடித்துவிடும் என்று நம்மில் பலர் சொல்வார்கள். இக்காலத்துச் சாயங்களை உப்பு பிடித்து வைக்காது. தோய்த்துத் தோய்த்துப் போக்குவதுதான் வழி, அல்லது அந்தத் துணியை ஒதுக்கிவிடுவது.

பழந்துணியின் பலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இழை நழுவுகிற துணி மேற்படைக்கு ஆகாது. அதை நடுப்படைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளின் சேர்ட்டில் கொலரும் முழங்கையும் போயிருந்தாலும் முதுகுப்பக்கம் நன்றாக இருக்கும். சீலையில் கொசுவம் வருகிற இடம் தேய்ந்திருந்தாலும் முந்தானைப் பக்கம் உறுதியாக இருக்கும்.

கூரைக் கட்டு

ஜீஸ் பெண்ட் பெண்கள் தங்கள் கட்டங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவற்றுள் அதிகம் தைக்கப்பட்டது வீட்டுக்கூரை என்று பொருள்படும் ஒரு கட்டு. உயரத்தில் நின்று ஒரு கூரையைப் பார்ப்பது போலச் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும். நடுவில் ஒரு சதுரத் துண்டு. அதைச் சுற்றி ஒரு வரிசைக் கீலம். அதைச் சுற்றி இன்னொரு வரிசை. இவ்வளவுதான் முறை. சேருகிற துணியைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறாக வரும்.

நம்முடைய அளவு இது. நடுச் சதுரம் நான்கரை அங்குலம். கீலங்கள் இரண்டரை அங்குல அகலம். ஒவ்வொரு விளிம்பிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஆகவே தைத்த பின் நடுச் சதுரம் நான்கு அங்குலமாகவும் கீலம் இரண்டு அங்குலமாகவும் தெரியும். ஒரு வரிசை சுற்றி வந்தால் கட்டம் ஒவ்வொரு திசையிலும் நான்கு அங்குலம் வளரும். நான்கு வரிசை முடிந்ததும் கட்டம் இருபது அங்குலச் சதுரம்.

துணியைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். அது இல்லாவிட்டால் விளிம்பில் சிறிது வெட்டி விட்டு, இரு கையாலும் இழுத்துக் கிழியுங்கள்; பருத்தித் துணி நூல் ஓடுகிற திசையில் நேராகவே கிழியும். கிழித்த விளிம்பு பிசிறும் என்பதால் கீலத்தை இரண்டேமுக்கால் அங்குலமாகக் கிழித்து, தையலைச் சிறிது உள்ளே தள்ளித் தையுங்கள். குறுக்காக, மூலைவாட்டில் வெட்டிய கீலம் இழுபடும். தொடக்கத்தில் அதைத் தவிருங்கள்.

எவ்வளவு துணி வேண்டும்? ஒரு கட்டத்துக்குக் கீலம் மொத்தம் 200 அங்குல நீளம். பெரிய ஆளின் சேர்ட்டில் முதுகுப்பக்கம் மட்டும் ஏறக்குறைய அவ்வளவு தரும். இரண்டு கட்டம் அகலமும் மூன்று கட்டம் நீளமுமாக ஆறு கட்டம் சேர்த்தால் 40 அங்குலத்துக்கு 60 அங்குலம், பிள்ளைகளுக்குப் போதும். மூன்றும் நான்குமாகப் பன்னிரண்டு கட்டம் சேர்த்தால் 60 அங்குலத்துக்கு 80 அங்குலம், பெரியவருக்குப் போதும். முதல் வேலையாக ஆறு கட்டத்துக்கு மேல் தொடங்க வேண்டாம். பாதியில் நிற்கும் பெரிய போர்வையைவிட முடிந்த சிறிய போர்வை மேல்.

தைக்கும் விதம்: நடுச் சதுரத்தின் இடதுபுறமும் வலதுபுறமும் முதலில் ஒவ்வொரு கீலம். நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்கும்படி வைத்து, விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டு நூலோட்டித் தையுங்கள். பிறகு விரித்து, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கீலம். இவை முன்னர் தைத்த கீலங்களின் தலைப்பையும் மூடி முழு அகலத்துக்கும் வர வேண்டும். அடுத்த வரிசையும் இப்படியே, முதலில் இரு பக்கமும், பின் மேலும் கீழும்.

இங்கேதான் எல்லோரும் பிழை விடுவது. நானும் விட்டேன். நீளக் கீலத்தை அப்படியே வைத்துத் தைத்துக்கொண்டு போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டினேன். நான்கு வரிசை முடிந்ததும் கட்டம் தரையில் படியவில்லை. ஓரமெல்லாம் அப்பள விளிம்பு போல அலை அலையாக நின்றது. தைக்கும்போது கை கீலத்தைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் கொஞ்சம் கொஞ்சம் கூடி, கடைசியில் ஓர் அங்குலம் மிஞ்சுகிறது. ஆகவே முதலில் கட்டத்தின் நடுவில் குறுக்காக அடிமட்டத்தை வைத்து அளந்து, கீலத்தை அந்த நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் நடுவையும் குண்டூசியால் பொருத்தி, அதன் பிறகே தையுங்கள். அளவுகள் வரிசைப்படி இப்படி வரும்: முதல் வரிசைக்கு நான்கரை அங்குலத்தில் இரண்டும் எட்டரையில் இரண்டும், இரண்டாவதற்கு எட்டரையில் இரண்டும் பன்னிரண்டரையில் இரண்டும், மூன்றாவதற்குப் பன்னிரண்டரையும் பதினாறரையும், நான்காவதற்குப் பதினாறரையும் இருபதரையும். உங்கள் கட்டம் சற்றுக் கூடக்குறைய வந்திருந்தால் இந்தக் கணக்கை விட்டு, கட்டத்தின் அளவுக்கே வெட்டுங்கள்.

கைத்தையலுக்கு நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீண்ட நூல் முறுக்கிச் சிக்கும். ஓர் அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் விழுந்தால் நல்லது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒருமுறை பின்னால் திரும்பி ஒரு தையல் போட்டால், நூல் எங்காவது அறுந்தாலும் தையல் முழுதும் பிரியாது. ஒரு வரிசை முடிந்ததும் தையல் விளிம்பை இருண்ட நிறத் துணியின் பக்கம் மடித்து, கரி ஸ்திரிக்கைப் பெட்டியால் அல்லது விரல் நகத்தால் அழுத்திவிடுங்கள். வெளிர் நிறத்தின் பக்கம் மடித்தால் வெளியே நிழல் தெரியும்.

நிறம் சேர்ப்பதற்கு விதி சொல்ல நான் விரும்பவில்லை. ஒன்று மட்டும். இருண்ட துணிகளை ஒரு குவியலாகவும் வெளிர் துணிகளை ஒரு குவியலாகவும் பிரித்து வைத்து, வரிசைக்கு வரிசை மாற்றி எடுத்தால் சதுரங்கள் பிரிந்து தெரியும். ஒரு நிறம் இடையில் முடிந்துபோனால் அருகில் உள்ள எதையும் எடுங்கள். ஜீஸ் பெண்டில் அப்படித்தான் செய்தார்கள். இன்று அவர்களுடைய போர்வைகளில் கண்ணை இழுப்பது பெரும்பாலும் துணி முடிந்துபோன அந்த இடந்தான்.

மூன்று படைகளையும் சேர்த்தல்

கட்டங்களை இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ வரிசையாகச் சேர்த்து, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று சேருங்கள். மேற்படை முடிந்தது.

அடித்துணி மேற்படையைவிட நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூட இருக்க வேண்டும். ஒரு பழைய கட்டில் விரிப்பு, அல்லது நீளவாட்டில் சேர்த்த இரண்டு சாரம் போதும். நமது வெப்பத்துக்குப் பஞ்சு தேவையில்லை. மெலிந்த பழஞ்சீலை ஒரு படையோ இரண்டு படையோ நடுவில் வைத்தால் போதும். மார்கழி, தை மாதப் பனிக்கும் சீமெந்துத் தரையின் குளிருக்கும் அது தாங்கும். விரைவில் காயும் என்பதும் ஒரு நன்மை.

தரையில் பாய் விரித்து, அடித்துணியை நல்ல பக்கம் கீழாகப் போட்டு, சுருக்கமின்றி நீவி, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். அதன்மேல் நடுப்படை. அதன்மேல் மேற்படை, நல்ல பக்கம் மேலாக. பெரிய நூலோட்டுத் தையலால், நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, ஐந்து அங்குலத்துக்கு ஒரு வரியாக மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி மிஞ்சிப் பொங்கி நிற்கும்.

பிறகு உண்மையான தையல். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வரி, கீலங்கள் ஓடுகிற திசையிலேயே, இதுவும் நடுவிலிருந்து வெளியே. ஊசி மூன்று படையையும் ஊடுருவிக் கீழே வந்ததா என்று இடக்கை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே தையுங்கள். சட்டம் இல்லாமல் மடியில் வைத்துத் தைப்பவர்கள் ஒவ்வொரு வரி முடிவிலும் போர்வையைப் புரட்டிப் பாருங்கள். அடித்துணியில் மடிப்பு விழுந்திருந்தால் அந்த ஒரு வரியைப் பிரித்தால் போதும். இருபது வரி போன பிறகு கண்டால் அழுகைதான் வரும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாக இருந்து தைப்பது நல்லது. கண் பார்வை குறைந்த பெரியம்மாமாருக்கு, பகல் வெளிச்சத்திலேயே பத்து ஊசிகளில் நூல் கோத்து ஒரு துணியில் குத்தி வைத்துவிட வேண்டும். கோர்ப்பதுதான் அவர்களுக்குச் சிரமம். தைப்பது கை தானே அறியும். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். பாயில் தவறிய ஓர் ஊசி தவழுகிற பிள்ளையிடம் போகும்.

கடைசியில் ஓரம். அடித்துணியில் கூடுதலாக விட்ட இரண்டு அங்குலத்தை, பாதியாக மடித்து, இன்னொரு முறை மடித்து மேற்படைமீது கொண்டுவந்து, சிறு தையலால் அமர்த்திவிடுங்கள். தற்காலிக நூலை உருவி எடுத்தால் போர்வை முடிந்தது.

மாலை ஒரு மணித்தியாலம் வீதம் தைத்தால் ஒரு கட்டத்துக்கு மூன்று மாலை போகும். ஆறு கட்டத்துக்கு மூன்று வாரம் அளவு. படைகளைச் சேர்த்துத் தைக்க அதைவிடக் கூடுதலாகப் போகும். அவசரப்படுகிறவர்களுக்கு உரிய வேலை அல்ல இது.

விற்கலாமா?

கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. ஜீஸ் பெண்டில் நடந்ததையே சொல்லுகிறேன்.

1965இல் மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கிராமத்துக்கு வந்து பேசினார். வாக்காளராகப் பதியச் சென்ற கறுப்பின மக்கள் பலர், அந்த மாவட்டத்தில் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தார்கள். ஆற்றைக் கடந்து நகருக்குப் போக இருந்த ஓடப்பாதையும் 1962இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. தரைவழியாகச் சுற்றிப் போனால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அந்த ஓடம் 2006இலேதான் மறுபடி ஓடியது.

1965ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிலிக்கன் மரபுச் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் வோல்ற்றர் என்ற குருவானவர் அவ்வழியே போகும்போது கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டொலர் கொடுத்து வாங்கி, நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க ஒழுங்கு செய்தார். 1966 மார்ச் மாதம் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிறீடம் குயில்ட்டிங் பீ என்பது பெயர். விடுதலைத் தையற் கூட்டம் என்று பொருள் கொள்ளலாம். எஸ்ரெல் விதர்ஸ்பூன் என்பவர் அதை நீண்டகாலம் நடத்தினார். 1969இல் சங்கம் 23 ஏக்கர் காணி வாங்கி, தையற்கூடம் கட்டியதோடு, வீட்டிலிருந்து விரட்டப்பட்ட சில குடும்பங்களுக்கும் அதில் துண்டு பிரித்து விற்றது. போர்வை விற்ற காசு காணியாக மாறிய அந்தச் செய்தியை நான் கூட்டங்களில் இரண்டு முறை சொல்வதுண்டு.

ஆனால் மறுபக்கமும் உண்டு. பெரிய கடைகள் ஓடர் கொடுத்தபோது ஒரே அளவு, ஒரே நிறம், ஒன்றைப் போலவே நூறு வேண்டும் என்று கேட்டன. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனத்துக்கு வரித்துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. நிரந்தர வருமானம்தான். ஆனால் அது தொழிற்சாலை வேலை. சொந்தப் போர்வையின் வேலை அல்ல. அந்தத் துணியில் மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தமது விருப்பப்படி போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தவை இப்படி வீட்டுக்காகத் தைத்தவைதான். 2006இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களம் பத்துப் போர்வைகளின் படத்தை முத்திரையாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே, தமக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2008இல் அது இணக்கமாக முடிந்தது. கூட்டுறவுச் சங்கம் 2012இல் மூடப்பட்டது.

ஆகவே எனது கருத்து இது. முதல் போர்வையை விற்க எண்ணித் தைக்க வேண்டாம். அது வீட்டுக்கு. கை பழகிய பின் விற்பதானால், எத்தனை மாலை போனது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். துணி இனாம் என்பதால் போர்வையும் மலிவு என்று வாங்குபவர் பேசுவார். நாற்பது மாலை வேலையை இரண்டு நாட் கூலிக்குக் கொடுத்துவிட்டு மகிழ்ந்துவிடக்கூடாது. போர்வையைக் கொண்டுபோய் விற்றுத் தருகிறோம் என்று வருபவரிடம், என்ன விலைக்கு விற்றது, உங்கள் பங்கு எவ்வளவு, படம் எடுத்தால் அதன் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள். சங்கமாக இருந்து கேட்டால் பதில் விரைவாக வரும்.

தோய்ப்பதும் தைத்துத் திருத்துவதும்

நனைந்த போர்வை கனமானது. ஒருவராக நின்று கிணற்றடியில் தூக்கிப் பிழியக்கூடாது, தையல் அறும். இரண்டு பேர் சேர்ந்து மடித்து அழுத்தித் தண்ணீரை வடியவிடுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம். ஒரு விளிம்பில் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டால் முழுப் பாரமும் அந்த ஒரு வரித் தையலில் நிற்கும். இரண்டு கொடியில் பரவலாகப் போடுங்கள், அல்லது பாயில் விரித்துக் காயவிடுங்கள். முட்கம்பி வேலி ஆகாது. நன்றாகக் காயாமல் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் கரும்புள்ளி விழும், அது பிறகு போகாது. பழஞ்சாரத்தில் சுற்றி, நிலத்தில் படாமல் வையுங்கள்.

முதல் தோய்ப்புக்குப் பிறகு போர்வை எங்கும் சிறு சுருக்கம் விழும். துணி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். நடுப்படை இறுகும்போது அப்படித்தான் வரும். மெதுமையும் அதோடுதான் வரும். சில ஆண்டுகளில் ஏதாவது ஒரு கீலம் நைந்து பிரியும், பெரும்பாலும் மிகப் பழைய துணியாகத்தான் இருக்கும். அதை வெட்டி எடுக்கத் தேவையில்லை. அதே அகலத்தில் வேறொரு கீலத்தை விளிம்பு மடித்து அதன்மேல் வைத்துத் தையுங்கள். பழையது அடியிலேயே இருக்கும்.